பதிமூன்று நிமிடம் சூடு தாங்கும் தட்டு

சத்தியபாய்க்கு வயது அறுபத்தொன்று. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு நாளும் சூடாகச் சோறு தின்றதில்லை. பஞ்சத்தால் அல்ல. வீட்டில் அரிசிக்கும் மீனுக்கும் என்றைக்கும் குறைவு வந்ததில்லை. இரண்டு கேஸ் அடுப்பு இருக்கிறது. குவைத்திலிருந்து மகன் ஜெனின் வாங்கி அனுப்பிய மைக்ரோவேவ் ஒன்றும் பூப்போட்ட துணி மூடி இருக்கிறது. காரணம் வேறு ஒன்றுமில்லை. அவள் புருஷன் செல்வதாஸின் ஜெபம்.

செல்வதாஸ் அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் மெம்பர். அவருடைய அப்பா சபை உபதேசியார். அப்பாவின் நிலத்தை அண்ணன் தம்பி நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜெபம் மட்டும் பங்கு பிரியாமல் முழுசாக இவருக்கே வந்து சேர்ந்தது. மற்றபடி தங்கமான மனுஷன். குடி கிடையாது, சூது கிடையாது, பெண்டாட்டியைக் கைநீட்டியது கிடையாது. சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடினார் என்றால் திறக்கமாட்டார், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். சமைத்ததெல்லாம் மேசைக்கு வர வேண்டும். மூடியெல்லாம் திறந்திருக்க வேண்டும். ஆண்டவர் என்ன தந்திருக்கிறார் என்று கண்ணால் பார்க்காமல் எப்படி நன்றி சொல்வது என்பது அவர் கட்சி. சாளை மீன் குழம்பான புளிமுளத்துக்குத் தனி நன்றி, மரச்சீனிக் கிழங்குக்குத் தனி நன்றி, அப்பளத்துக்கும் ஒன்று. பிறகு மழை, பிறகு நாட்டை ஆளுகிறவர்கள், குவைத்தை ஆளுகிறவர்கள், கடைசியாகச் சபையில் சுகமில்லாதவர்கள். சுகமில்லாதவர்களைக் கிழக்குத் தெருவில் தொடங்கி ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போவார். ஒரு ஸ்டாப்பில்கூட நிறுத்தாமல் போனதில்லை. அவர்கள் ஊர் பனவிளையில் யாருக்காவது ஜலதோஷம் பிடித்தால் சத்தியபாய்க்குக் குழம்பு ஆறிவிடும்.

அவள் பிறந்து வளர்ந்தது குழித்துறைப் பக்கம். ஆற்றில் குளித்து வந்து ஆவி பறக்கக் கஞ்சி குடித்த பிள்ளை. கல்யாணத்தன்று பந்தியில் மாமனார் உபதேசியார் எழுந்து நின்று ஜெபித்தபோது இலையில் விழுந்த நெய் உறைந்து மெழுகாகிவிட்டது. அன்றே அவளுக்கு இந்த வீட்டின் லட்சணம் புரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு நெய்யா கண்ணில் படும்?

பிறகு இருபத்தெட்டு வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். நாற்பது பிள்ளைகளுக்கும் சூடாகச் சோறு போட்டுக் கடைசியில் சட்டியை வழித்துத் தின்றாள். சபை விருந்து என்றால் அவள் பரிமாறுகிற கூட்டத்தில் இருப்பாள், கடைசிப் பந்தி. வீட்டில் ஜெபம். மைக்ரோவேவில் வைத்துத் தின்றால் என்ன என்று கேட்பார்கள். புளிமுளத்தை மறுபடி சூடாக்கித் தின்பதும் ஒன்று, துவைத்த வேட்டியை மறுபடி அழுக்காக்கித் துவைப்பதும் ஒன்று என்பாள். அடுக்களையில் முதலிலேயே ஒரு வாய் தின்றுவிடவும் அவளால் முடியாது. ஜெபிக்காத சோறு தொண்டையில் இறங்காது. கர்த்தருக்குப் பயப்படுகிற பெண்தான் அவளும். ஆனால் மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது மனதுக்குள், ஆண்டவரே, உமக்கு முதல் வாக்கியத்திலேயே விளங்கியிருக்குமே, பிறகு ஏன் இவரை விட்டுவைத்திருக்கிறீர் என்று கேட்டிருக்கிறாள். பதில் வந்ததில்லை. மனைவி முணுமுணுத்தால் செல்வதாஸ் ஒரே ஒரு பழமொழி சொல்லுவார். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா? ஆக்கியது யார், பொறுத்தது யார் என்று அவள் கேட்டதில்லை. அது அவள் தப்பு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் சீனா வந்து ஏறியது.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பனவிளை ஜங்ஷன். பத்து வருஷம் முன்னால் வாழையும் மரச்சீனியும் நின்ற இடத்தில் இப்போது இரண்டு மாடி வீடுகளும் டைல்ஸ் கடையும் நிற்கின்றன. அங்கே குளச்சல்காரன் சபீர் ஒரு சைனீஸ் ரெஸ்டாரன்ட் திறந்தான். ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் சீனச் சமையல் செய்தவன். கடைக்கு டிராகன் பேலஸ் என்று பெயர். வாசலுக்கு மேலே பெயர்ப் பலகையின் முழு நீளத்துக்கு ஒரு சிவப்பு டிராகன், வாயில் தீ. ஊர்க்காரர்கள் முதல் நாள் சீனாக்காரனைப் பார்க்கலாம் என்று போய், சபீரைப் பார்த்து ஏமாந்து, கோபி மஞ்சூரியன் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

ஜாஸ்மி, சத்தியபாயின் மருமகள், தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கிறவர்களோடு அங்கே போய்விட்டு வந்து கதை சொன்னாள். சிஸ்லர் என்று ஒன்று இருக்கிறதாம். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டைப் பலகையில் வைத்து, மேலே சோறும் கோழியும் காய்கறியும் போட்டுக் கொண்டுவருவார்களாம். வரும்போதே சீறுமாம், புகையுமாம். இதெல்லாம் சத்தியபாய் காதில் ஏறவில்லை. அடுத்து ஜாஸ்மி சொன்னதுதான் ஏறியது. தட்டு வந்ததும் டாக்டரிடமிருந்து போன் வந்ததாம். வெளியே போய் எட்டு நிமிஷம் பேசிவிட்டு வந்து பார்த்தால் சோறு அப்படியே கொதித்துக்கொண்டிருந்ததாம்.

சத்தியபாய் கையிலிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தாள். எட்டு நிமிஷமா என்று திரும்பக் கேட்டாள். அன்றைக்கே அவளுக்கு அந்தத் தட்டின்மேல் ஆசை விழுந்துவிட்டது. சீனாவும் வேண்டாம் கோழியும் வேண்டாம், இந்த மனுஷனின் ஜெபத்தைவிட நீளமாகச் சூடு நிற்கிற ஒரு தட்டு பூமியில் இருக்கிறது என்றால், சாவதற்குள் அதன்முன் ஒரு தடவை உட்கார வேண்டும். மாமியார் மனசு மருமகளுக்குப் புரிந்தது. ஒரு வாரம் மேசைக்கு அடியில் போனை வைத்துக் கணக்கெடுத்துச் சொன்னாள். மாமாவின் ஜெபம் சராசரி பன்னிரண்டே முக்கால் நிமிஷம்.

ஆனால் அதற்குள் செல்வதாஸ் வேறொரு காரியம் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், வேதத்தின் கடைசியில் வருகிற வலுசர்ப்பம், அதாவது டிராகன், நம்முடைய ஜங்ஷனிலேயே பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறது, விசுவாசிகள் அதன் நிழலில் போஜனம் பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டார். கூட்டம் பயந்துபோனது. சபையார் கடைப்பக்கம் போவதை நிறுத்தினார்கள். அதாவது, உள்ளே உட்கார்ந்து தின்பதை நிறுத்தினார்கள். கறுப்புக் கவரில் பார்சல் வாங்கிப் போனவர்களின் பெயரைச் சொன்னால் எனக்குத்தான் பகை.

சத்தியபாய் சும்மா இருக்கவில்லை. பெண்கள் சங்கத்து வேத வினாடி வினாவில் ஆறு வருஷம் முதல் பரிசு வாங்கியவள் அவள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறிய சாப்பாட்டுக்குப் பிறகு, புருஷன் முன்னால் வேதத்தை விரித்து வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, இதுல வாறதுக்கு ஏழு தல, பத்து கொம்பு. சபீருக்க கடையில நிக்கியதுக்கு எத்தன தல?"

 செல்வதாஸ் பலகையைப் பார்த்தாரே தவிர எண்ணவில்லை. முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் தலை எண்ணியவர், ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் வண்டியை நிறுத்தச் சொன்னவர், ஒரு சர்ப்பத்தை எண்ணாமல் பேசிவிட்டார். அது அவருக்கு உறுத்தியது.

மறுநாள் சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குடையோடு போய் டிராகன் பேலஸ் முன்னால் நின்றார். விரலை நீட்டி எண்ணினார். தள்ளிப் போய் வால் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். காலியான கடைக்குள்ளிருந்து இதைப் பார்த்த சபீர், பலகைக்கு வரி போட யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்து ஐஸ் போட்ட ஒரு கிளாஸ் எலுமிச்சை நாரங்கா வெள்ளத்தோடு ஓடிவந்தான். இதற்கு எத்தனை தலை என்று செல்வதாஸ் விசாரித்தார். ஒன்றுதான் சார் என்றான் சபீர். கொம்பு? இரண்டு. வேறு எங்கேயாவது மறைவாகத் தலை இருக்கிறதா? இல்லை சார், சட்டப்படி இன்னும் வேண்டுமென்றால் வரையச் சொல்கிறேன் என்றான் அவன் நடுங்கிப்போய். வேண்டாம் என்று செல்வதாஸ் கையமர்த்தினார். நாரங்கா வெள்ளத்தைக் கையில் வாங்கி, நின்ற நிலையிலேயே ஆறு நிமிஷம் ஜெபித்துவிட்டுக் குடித்தார். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், இது வேறு குடும்பத்துச் சர்ப்பம் என்று அவரே எழுந்து திருத்தம் சொன்னார். தலை எண்ணிக்கையில் அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை கல்யாண நாள். மத்தியானம் அங்கே போவோம் என்று சத்தியபாய் கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை.

அவள் விட்டாளா? கல்யாண நாளுக்கு இரண்டு நாள் முன்னால், கையில் ரேஷன் பையோடு தனியாகவே சபீர் கடைக்குப் போனாள்.

"மக்கா, அந்த இரும்புத் தட்டு எத்தன நிமிஷம் சூடு நிக்கும்?"

எட்டு, பத்து நிமிஷம் நிற்கும் என்றான் சபீர். எங்கள் வீட்டில் ஜெபம் பன்னிரண்டே முக்கால் என்றாள் அவள். அவள் யார் வீட்டுக்காரி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் சபீர் நாற்காலி இழுத்துப் போட்டான். குடைபிடித்துத் தலை எண்ணிய அந்த மனுஷன் ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனால், ஊரே பின்னால் வரும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே.

பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். சபீர் ஒரு தட்டைக் காய்ச்சி, முட்டைக்கோஸ் இலை விரித்து, சோறும் சாஸும் ஊற்றி மேசையில் வைத்தான். போனில் நேரம் ஓடவிட்டான். சத்தியபாய் எதிரே நின்று, கண்ணை மூடி, புருஷனின் ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல் அவர் குரலிலேயே சொல்லத் தொடங்கினாள். முப்பத்தொன்பது வருஷம் கேட்டவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்காதா? இருமுகிற இடத்தில் இருமினாள். அப்பளம், மழை, குவைத்து எல்லாம் தாண்டிக் கிழக்குத் தெருவில் நுழைந்தபோது தட்டு அடங்கிவிட்டது. ஒன்பதரை நிமிஷம்.

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துச் சபீருக்கே கஷ்டமாகிவிட்டது. ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கனமான தட்டு ஒன்று பரணில் இருக்கிறது என்று இறக்கினான். தூக்க இரண்டு கை வேண்டும். அதை இருபது நிமிஷம் காய்ச்சிக் கொண்டுவந்தான். அவள் மறுபடி முதலிலிருந்து ஜெபித்தாள். மேற்குத் தெருவில் கடைசி வீட்டு முட்டுவலி வரைக்கும் போய் ஆமென் சொன்ன பிறகும் தட்டில் ஒரு வெங்காயத் துண்டு கொதித்துக்கொண்டிருந்தது. பதிமூன்று நிமிஷம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சோற்றைத் தின்று பாருங்கள் அம்மா என்று சபீர் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அவரோடு உட்கார்ந்துதான் தின்பேன் என்று சொல்லிவிட்டாள். இப்படிப்பட்ட பெண்களுக்குத்தான் இப்படிப்பட்ட புருஷன்மார் வாய்க்கிறார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி. செல்வதாஸ் வெள்ளை வேட்டி சட்டை, சத்தியபாய் கோயிலுக்குக் கட்டுகிற பட்டு, ஜாஸ்மி கையில் போன். சூப்பு முதலில் வேண்டாம், எல்லாம் ஒரே சமயத்தில் வர வேண்டும், தட்டு கடைசியாக வர வேண்டும் என்பது ஏற்கனவே செய்த ஏற்பாடு. சூப்பு முதலில் வந்தால் அதற்கு ஒரு ஜெபம், தட்டுக்கு ஒரு ஜெபம் என்று ஆகிவிடும். செல்வதாஸ் மெனு கார்டைக் காலண்டரைப்போல முன்னும் பின்னும் புரட்டினார். பக்கத்து மேசையில் பர்தா போட்ட இரண்டு பெண்களும் ஒரு தாத்தாவும் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நாலு காலேஜ் பெண்கள்.

கோபி மஞ்சூரியன் வந்தது, நூடுல்ஸ் வந்தது. பிறகு அடுக்களைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் தட்டைப் பிடித்தபடி சபீரே வந்தான். தட்டு சீறியது. வெண்ணெயும் மிளகும் மணக்க, கரும்புகை மேலே எழும்பி மின்விசிறியைத் தொட்டது. ஜாஸ்மி மேசைக்கு அடியில் போனை அமுக்கினாள்.

அங்கேதான் சத்தியபாயின் கணக்கு தப்பியது. அந்தப் புகையைப் பார்த்துச் செல்வதாஸின் உள்ளம் பொங்கிவிட்டது. வேதத்தில் தீயில் முழுதாய் எரிக்கிற சர்வாங்க தகன பலிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் படித்தவர், ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். வழக்கமாகக் குழம்பில் தொடங்குகிறவர், அன்று ஆபேலில் தொடங்கினார்.

ஆபேலிலிருந்து நோவா, நோவாவிலிருந்து ஆபிரகாம். நாலாவது நிமிஷம் மோசே மலையேறிக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிஷம்தான் மேசைக்கு இறங்கிவந்தார். தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டுமே, பண்டத்தின் பெயர் தெரியவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து மெனு கார்டை எழுத்துக்கூட்டி, ஷெஜ்வான் சாஸ் வரைக்கும் ஆண்டவருக்கு அறிக்கையிட்டார். பிறகு சீன தேசம். அங்குள்ள ஜனங்கள், அங்குள்ள மழை. பிறகு சபீர், சபீருக்கு வேலை கொடுத்த ஷார்ஜா அரபி, அந்த அரபியின் பிள்ளைகள். ஹோட்டலில் ஒருவரும் வாய் அசைக்கவில்லை. பக்கத்து மேசைத் தாத்தா முள்கரண்டியில் சுற்றிய நூடுல்ஸைப் பாதி வழியில் நிறுத்தி வைத்திருந்தார்.

சத்தியபாய் கண்ணை மூடிக்கொண்டு தட்டின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சீறல் குறைந்து முணுமுணுப்பானது. முணுமுணுப்பு விட்டுவிட்டு வந்தது. ஜாஸ்மி மேசைக்கு அடியில் அவள் முழங்காலில் பதினொன்று, பன்னிரண்டு என்று விரலால் தட்டினாள். செல்வதாஸ் இன்னும் கிழக்குத் தெருவுக்கே வந்து சேரவில்லை. பதிமூன்று. தட்டில் ஒரே ஒரு இடத்தில் சாஸ் குமிழி விட்டது. இன்னொன்று விட்டது. அது கடைசிக் குமிழி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில், கோயில் பட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு தட்டுச் சோற்றுக்காக அழப்போகிறோமே என்று வெட்கமும் வந்தது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது.

"மேலும் எங்கள் சபையிலே சுகவீனமாயிருக்கிற..."

"ஆமென்," என்றாள் சத்தியபாய்.

நாற்பது பிள்ளைகளை ஒரே வார்த்தையில் உட்காரவைத்த அங்கன்வாடிக் குரல் அது. காலேஜ் பெண்கள் ஆமென் என்றார்கள். பர்தா போட்ட பெண்களும் தாத்தாவும் ஆமீன் என்றார்கள். அடுக்களைக்குள்ளிருந்து சபீரும் ஓர் ஆமீன் சொன்னான். எல்லோரும் முள்கரண்டியை எடுத்தார்கள்.

செல்வதாஸ் திறந்த வாய் மூடாமல் நின்றார். கூட்டம் ஆமென் சொல்லிவிட்டால் ஜெபம் முடிந்தது. அதற்கு மேல் பேசினால் அது ஜெபமில்லை, வெறும் பேச்சு. இது அவரே கமிட்டியில் நிறைவேற்றிய ஒழுங்கு. மெதுவாக உட்கார்ந்தார். சத்தியபாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டின் நடுவில், இரும்போடு ஒட்டிக்கிடந்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்து வாயில் போட்டாள். நாக்கு வெந்துவிட்டது. வாயைத் திறந்து ஊதினாள், துப்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்னட்டி, எரியுதா?" என்று பதறினார் செல்வதாஸ்.

"சூடு," என்றாள்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரும் அந்த இடத்திலேயே ஒரு கரண்டி எடுத்துப் போட்டார். முகம் சிவந்தது, தோள் குலுங்கியது, கஷ்டப்பட்டு விழுங்கினார். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா? சின்ன வயதில் உபதேசியார் மேசை. பிறகு முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டிபன் பாத்திரம். பிறகு அவருடைய ஜெபம். சோறு என்றால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று அந்த மனுஷன் அறுபத்தேழு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். 

"ஏட்டி, நீ வைக்கிய சோறும் இப்பிடித்தான் இருக்குமா?"

"அடுப்புல இருந்து எறக்கும்போ எல்லா நாளும் இப்பிடித்தான் இருந்துது," என்றாள் சத்தியபாய்.

செல்வதாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். கையைத் தூக்கிச் சபீரைக் கூப்பிட்டு, இதே மாதிரி இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார். அது சீறிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தது, புகை முகத்தில் அடித்தது. பழக்கத்தில் செல்வதாஸ் கண்ணை மூடினார், தொண்டையைக் கனைத்தார். ஜாஸ்மி போனை எடுத்தாள். அவர் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீ ஜெபம் பண்ணு," என்றார்.

கல்யாணம் ஆன நாள் முதல் அவர்கள் சாப்பாட்டு மேசையில் வேறொருவர் ஜெபித்ததில்லை. சத்தியபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள்.

"ஆண்டவரே, சூடா இருக்கு. நன்றி. ஆமென்."